பதினேழு கிராம்

கல்ஃபான் பின் முசல்லமுக்கு வல்லூறு ஆகாது. பிடிக்காது என்று பொருளில்லை. வல்லூறு என்றால் அவருக்கு உயிர். இறகுத் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் வரும், அவ்வளவுதான். ஒன்று இரண்டோடு நிற்கிற தும்மலும் இல்லை. பதினைந்து, இருபது என்று போய், கண் சிவந்து, மூச்சு இழுத்து, கடைசியில் யாராவது கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். வேறு வீட்டில் பிறந்திருந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்து விட்டிருப்பார்கள். மதீனத் ஸாயித் என்கிற பாலைவன ஊரில், நாலு தலைமுறையாக வல்லூறு வைத்திருக்கும் வீட்டில் பிறந்ததால் அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஏழு வயதில் அப்பா முதன்முதலாக ஒரு பறவையை அவர் கையில் ஏற்றினார். மூன்றாவது நொடியில் தும்மினார். பறவை மிரண்டு தலைகீழாகத் தொங்கியது. அப்பா பறவையை வாங்கிப் பெரியப்பா மகன் சுரூரின் கையில் வைத்தார். சுரூருக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பறவை சுரூரின் கையிலிருந்து கீழே இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த ஐம்பது வருஷம் அந்தக் குடும்பத்தில் வல்லூறு என்றால் சுரூர், தும்மல் என்றால் கல்ஃபான்.

சுரூரின் மஜ்லிஸில் தினமும் மாலைத் தொழுகை முடிந்து ஆண்கள் கூடுவார்கள். கம்பளத்தின் நடுவே ஒன்பது முளைகள், ஒன்பது பறவைகள். பறவைகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் பெரிய மனிதன். கல்ஃபானின் இடம் வாசலோரம், காப்பிக் குடுவைகளுக்குப் பக்கத்தில். அவர் உள்ளே நுழையும்போதே யாராவது ஒருவர் சத்தம் கொடுப்பார்.

"கல்ஃபான் வந்தாச்சு! ஜன்னலைத் தெறங்கப்பா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். முப்பத்திரண்டு வருஷம் அப்படிச் சிரித்துப் பழகினால் அது பல் தேய்ப்பது போல ஆகிவிடும்.

அந்த முப்பத்திரண்டு வருஷமும் அவர் அபுதாபியில் விமானக் கொட்டகையில் வேலை பார்த்தார்; வார விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருவார். விமான உடம்பில் உலோகம் அல்லாத பாகங்களைப் பழுது பார்க்கும் வேலை. கரி இழைத் துணியை அளந்து வெட்டி, பிசின் தடவி, அச்சில் படியவைத்து, சூட்டில் வேகவைத்து எடுப்பார். கை அவ்வளவு சுத்தம். இருநூறு டன் விமானம் அவர் ஒட்டின ஒட்டை நம்பிப் பறந்தது. "இவ்வளவு பெரிய பறவையைப் பறக்க விடுறான், ஒரு கிலோ பறவையைத் தூக்க முடியல" என்று சுரூர் சொல்வார். அதற்கும் சிரிப்புத்தான்.

ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். முதல் மாதம் தூங்கினார். இரண்டாம் மாதம் மனைவி ஷம்மாவின் சமையலறை டப்பாக்களை எல்லாம் எடை வாரியாக அடுக்கினார். மூன்றாம் மாதம் ஷம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹுமைத் அப்பா, ஒண்ணு நீங்க ஏதாவது வேல பாருங்க, இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். ஏலக்காய் எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அப்படித்தான் தொப்பி ஆரம்பமானது. வல்லூறின் தலையில் மாட்டிக் கண்ணை மறைக்கிற தோல் தொப்பி இல்லாமல் ஒரு பறவையும் மனிதர் நடுவில் அமைதியாக உட்காராது. சுரூரிடம் கைமா என்று ஒரு பறவை, வெள்ளையில் சாம்பல் தெளித்த மாதிரி, அவருடைய கர்வம் முழுவதும் அதன் மேல்தான். அதன் தொப்பி தடித்த தோல், தங்க நூல், உச்சியில் குஞ்சம், சுற்றிலும் மணிகள். ஒருநாள் மஜ்லிஸில் கல்ஃபான் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையலறைத் தராசில் வைத்தார். இருபத்திரண்டு கிராம். மறுநாள் கணக்கோடு வந்தார்.

"சுரூர் அண்ணே, அறுபது கிலோ ஆளு ஒருத்தன் தலையில ஒண்ணேகால் கிலோ தொப்பியப் போட்டுக்கிட்டு நாள் பூரா உக்காந்தா எப்படி இருக்கும்? அதான் கைமாவுக்கு."

"எங்க வீட்டுப் பொம்பளைங்க கல்யாணத்துக்கு அதுக்கு மேலயே தங்கம் போடுறாளுங்க. ஒருத்தியும் கழுத்து வலிக்குதுன்னு சொன்னதில்ல" என்றார் சுரூர்.

கல்ஃபான் விடவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மேசை போட்டார். விமானத்தில் புழங்கின அதே கரி இழைத் துணி, ஒரே ஒரு அடுக்கு. உள்ளே மெத்தென்ற செயற்கைத் தோல். பின்பக்கம் திறந்து மூடும் வார்களுக்கு, பாராசூட்டில் போடுகிற மெல்லிய கயிறு. வேலைக்குப் பறவை வேண்டுமே? அதற்கு ஷேர் ஜான் இருந்தான்.

ஷேர் ஜான் சுரூரின் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறவன். பாகிஸ்தானில் துர்பத் பக்கத்து பலூச்சி, நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டான். கைமாவின் தலையை நூலால் அளந்து கொண்டு வந்து கொடுத்தான். கல்ஃபான் அந்த அளவுக்கு மரத்தில் ஒரு தலை செதுக்கி, அதன் மேல் தொப்பி வார்த்தார். போட்டுப் பார்க்கிற நாளில் இருவரும் மணலுக்குப் போவார்கள். ஷேர் ஜான் பறவையோடு வெளியே நிற்பான். கல்ஃபான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். ஊரில் பார்த்தவர்கள், பறவைக்காரன் ஒருத்தன் காருக்கு வித்தை காட்டுகிறான் என்று நினைத்தார்கள்.

முதல் தொப்பியில் பிசின் வாடை போகவில்லை. கைமா தலையை உதறி அதை எங்கேயோ எறிந்தது. இருவரும் அரை மணி நேரம் மணலைச் சலித்தார்கள். இரண்டாவது விறைப்பாக இருந்து அலகோரம் உரசியது. மூன்றாவது, பார்க்க அழகு, அளவும் சரி, ஆனால் மெல்லிசு கூடிப்போய் வெளிச்சம் உள்ளே கசிந்தது. கண்ணை மறைக்காத தொப்பியை மாட்டிக்கொண்டு கைமா கண்டதையெல்லாம் பார்த்துப் பறந்து பறந்து அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் கல்ஃபான் ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் கைபேசி விளக்கை நுழைத்து, இருட்டறையில் நின்று, ஊசிமுனை வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். "புருஷன் அலமாரிக்குள்ள விளக்கைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு" என்று ஷம்மா தன் தங்கையிடம் தொலைபேசியில் புலம்பினாள்.

நாலாவது தொப்பியில் வேறு சங்கடம். பறவைக்காரனுக்கு ஒரு கை பறவைக்கே போய்விடும். அதனால் தொப்பியின் வார்களை ஒரு பக்கம் பல்லாலும் மறு பக்கம் விரலாலும் இழுத்துத்தான் மூடுவது. கல்ஃபானின் கயிறு வழுவழுப்பு. சுரூர் ஆசையாகக் கடித்து இழுத்தார்; கயிறு வழுக்கியது; முன்பல்லின் உறை கயிற்றோடு வந்துவிட்டது. மூன்று நாள் அவர் வாயைத் திறக்காமல் மஜ்லிஸ் நடத்தினார். அந்த ஊருக்கே அது நிம்மதியான மூன்று நாள்.

ஐந்தாவது, கயிற்று நுனியில் முடிச்சுப் போட்டது, தேறியது. எடை சரியாக ஐந்து கிராம்.

சுரூர் அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். "இருக்கா, விழுந்துருச்சா?" என்று கேட்டார். பிறகு கைமாவுக்கு மாட்டி, பல்லால் இழுத்து மூடினார். பறவை ஒரு முறை சிலிர்த்து இறகை அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தது. ஒன்பது பறவைகளில் அதுதான் அசையாத பறவை. கல்ஃபான் வாசலோரத்தில் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, தும்மல் வந்து தொலைக்கக் கூடாதே என்று படைத்தவனை வேண்டிக்கொண்டிருந்தார்.

"பத்து நாள்ல பந்தயம். கைமா இதப் போட்டுக்கிட்டுத்தான் வரும்" என்றார் சுரூர். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஜெயிச்சிருச்சுன்னா, கல்ஃபான், நீ இங்க வந்து என் பக்கத்துல உக்காருடா. தும்முனாலும் பரவாயில்ல" என்றார்.

ஐம்பத்தேழு வயது மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாம் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஷம்மாவிடம் அந்த ஒரு வாக்கியத்தை மூன்று விதமான குரலில் சொல்லிக் காட்டினார்.

பந்தயம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நானூறு மீட்டருக்கு அந்தப்பக்கம் ஒருவன் இறகுக் கட்டைச் சுழற்றுவான். இந்தப்பக்கம் தொப்பியைக் கழற்றி விடுவார்கள். பசித்த பறவை நேரே போய் அதை அடிக்க வேண்டும். கைமா போன வருஷம் பதினெட்டு விநாடியில் போயிருந்தது. இந்த வருஷம் சுரூர் தொப்பியைக் கழற்றியதும், சுற்றிலும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தது. பிறகு மேலே எழும்பி, வட்டம் போட்டு, விநாடி காட்டும் பெரிய பலகையின் உச்சியில் போய் உட்கார்ந்து இறகைக் கோத ஆரம்பித்தது. கீழே பலகையில் விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நூறைத் தாண்டியபோது கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அந்தப்பக்கம் இறகுக் கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த ஷேர் ஜானுக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கைமா அவனைப் பார்த்தது, விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டைப் பார்க்கிற மாதிரி. மறுநாள் காலை பசி எடுத்த பிறகுதான் இறங்கி வந்தது.

அன்று மாலை மஜ்லிஸ் இழவு வீடு போல இருந்தது. பறவை பறக்கவில்லை என்றால் ஒரே காரணம்தான், வயிறு நிறைந்திருக்கிறது. வயிற்றை நிறைத்தது யார்?

"ஷேர் ஜான்தான்" என்றார் சுரூர். "எடையப் பாக்காம காடையா அள்ளிப் போட்டிருக்கான். இருபது கிராம் கொழுப்பு ஏறிக் கெடக்கு. என் மூஞ்சில மண்ணை அள்ளிப் போட்டுட்டான்."

ஷேர் ஜான் செருப்பு விடுகிற இடத்தில் தலை குனிந்து நின்றான். மறுபேச்சுப் பேசவில்லை. அவனை ஊருக்கு அனுப்பிவிடுவதென்று முடிவாயிற்று.

மறுநாள் கல்ஃபான் அவனைப் பார்க்கப் பறவைக் கொட்டகைக்குப் போனார். அவன் இல்லை, பாஸ்போர்ட்டு வேலையாகப் போயிருந்தான். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. கைமாவின் தினசரி எடை எழுதியது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு கல்ஃபான் அதைப் படித்தார். ஆயிரத்து நாற்பது, ஆயிரத்து நாற்பது, ஆயிரத்து முப்பத்தொன்பது, ஆயிரத்து நாற்பது. திடீரென்று ஒருநாள் ஆயிரத்து இருபத்துமூன்று. அதிலிருந்து முப்பது, முப்பத்தாறு என்று ஏறி, பந்தயத்துக்கு முந்தின நாள் மறுபடி ஆயிரத்து நாற்பது. இருபத்துமூன்று என்று எழுதிய தேதியைப் பார்த்தார். அது ஐந்தாவது தொப்பி மாட்டிய மறுநாள்.

அந்த வீட்டில் பறவையைத் தொப்பியோடுதான் தராசில் ஏற்றுவார்கள். கழற்றினால் ஒரு நிமிஷம் நிற்காது. எப்போதும் அதே பழைய தொப்பி என்பதால் அதன் இருபத்திரண்டு கிராமை யாரும் கழிப்பதும் இல்லை. பலகையில் எழுதுவது பறவையும் தொப்பியும் சேர்ந்த எடை. தொப்பி ஐந்து கிராம் ஆனதும் தராசு பதினேழு குறைத்துக் காட்டியிருக்கிறது. பறவை இளைத்துவிட்டதென்று காடை போட்டு, அந்தப் பதினேழையும் பறவையின் உடம்பில் ஏற்றியிருக்கிறார்கள். ஏலக்காய் டப்பாவுக்கு எடைச் சீட்டு ஒட்டின மனிதர், எடையைக் குறைப்பதற்கென்றே ஆறு மாதம் உயிரை விட்டவர், குறைத்த எடையைக் கழியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கல்ஃபானும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அன்று சுரூர் கோபமாக இருப்பார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த நாள் ஷம்மாவின் அக்கா வீட்டில் விருந்து. சொன்னால் தொப்பியின் கதை முடிந்தது, வாசலோரத்துக்குப் பதில் இனி வாசலுக்கு வெளியேதான் என்று அவருக்குத் தெரியும். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மாலை, ஷம்மாவிடம்கூடச் சொல்லாமல், நேரே மஜ்லிஸுக்குப் போய் நடுவில் நின்று பலகைக் கணக்கை ஒப்பித்தார்.

"தப்பு ஷேர் ஜான் மேல இல்ல அண்ணே. என் தொப்பி மேல. என் மேல. அவனை அனுப்பாதீங்க."

"அவன் காலைலயே ப்ளேன் ஏறிட்டானே" என்றார் சுரூர்.

சுரூர் சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கேட்டீங்களாப்பா? பதினேழு கிராம்! தராசையே ஏமாத்திருச்சுப்பா இவன் தொப்பி! ஏண்டா, இதுக்கு மேல ஒரு தொப்பிக்கு என்னடா சர்ட்டிபிகேட் வேணும்? எனக்கு நாலு செய்யி!"

"எனக்கு ரெண்டு" என்றார் ஒருவர். "என் மருமகனுக்கு மூணு" என்றார் இன்னொருவர். காப்பிக் கோப்பையை வாசலோரத்தில் தேடிப் போன கல்ஃபானைச் சுரூர் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். பறவைகளை மட்டும் நாலு முழம் தள்ளி வைத்தார்கள். மன்னிப்புக் கேட்க வந்த மனிதருக்கு மாலை போடாத குறை. அண்ணனுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று கல்ஃபான் நினைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில், ஷேர் ஜானின் ஊர் எண்ணைச் சுரூர் வீட்டு வேலையாட்களிடம் வாங்கி அழைத்தார்.

"ஷேர் ஜான், என்னை மன்னிச்சிருப்பா. தப்பு என்னுது. தொப்பி எடை..."

"தெரியும் சாச்சா" என்றான் அவன். பின்னால் ஆடுகள் கத்தின. "மொத நாளே தெரியும். இருபத்துமூணுன்னு வந்ததும் ரெண்டு தொப்பியையும் தராசுல வெச்சுப் பாத்தேன். அர்பாப்கிட்ட போயி, பறவை எளைக்கல, தொப்பிதான் எளைச்சிருக்குன்னு சொன்னேன்."

"சுரூர்கிட்டயா? என்ன சொன்னாரு?"

"அம்பது வருஷமா நான் பறவை பாக்குறேன், நீ எனக்குச் சொல்லித் தர்றியா, போடுடா காடையன்னாரு. போட்டேன்."

கல்ஃபானுக்குச் சுரூரின் அன்றைய சிரிப்பு நினைவுக்கு வந்தது. அது பெருந்தன்மை இல்லை, தப்பித்தவன் சிரிப்பு.

"அப்ப அன்னிக்கு மஜ்லிஸ்ல ஏன்யா வாயைத் தெறக்கல?"

"அத்தன பேர் முன்னாலயா சாச்சா? என் தம்பிங்க ரெண்டு பேரு அவரு விசாவுலதான இருக்கானுங்க. நீங்களும் சொல்லிராதீங்க. போனது நான் ஒருத்தனோட போகட்டும். தொப்பி நல்ல தொப்பி சாச்சா. கைமாவுக்கு அலகோரம் இப்ப ஒரு கீறல் இல்ல."

சொல்லிராதீங்க என்று அவனே கேட்டுக்கொண்டது கல்ஃபானுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்த ஆறுதல்தான் அவரை அன்று முழுக்க உறுத்தியது. செய்யாத தப்பை நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டபோது எவ்வளவு துணிச்சல் இருந்தது! செய்தவரைச் சொல்லும் துணிச்சலை எங்கே தேடுவது? தம்பிகள் பாவம் என்று தனக்குத்தானே பல முறை சொல்லிக்கொண்டார். அது உண்மையும்தான். ஆனால் தம்பிகள் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டோம் என்றும் அவருக்குத் தெரிந்தது.

மாலை மஜ்லிஸுக்குப் போனார். நாலு தொப்பிகளையும் கொண்டுபோயிருந்தார். கைக்குக் கை மாறி எல்லோரும் வியந்தார்கள். அவர் சுரூரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷேர் ஜான்கூடப் பேசினியாமே? என்ன சொன்னான்?" என்று சுரூர் கேட்டார். கேட்கும்போது கல்ஃபானைப் பார்க்கவில்லை. கைமாவின் தொப்பி வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பேச்சு அடங்கி எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"சலாம் சொல்லச் சொன்னான்."

"ம். நல்லவன்தான். எடை பாக்கத்தான் தெரியல, இல்லடா?"

சுரூர் இப்போது பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் ஒன்றும் இல்லை. ஐம்பத்தேழு வயதுத் தம்பியிடம் அறுபத்தொரு வயது அண்ணன் கெஞ்சுகிற பார்வை அது. கல்ஃபானுக்கு அது மிரட்டலைவிட மோசமாக இருந்தது.

"ஆமாண்ணே" என்றார் கல்ஃபான். "அவனுக்கு எடை பாக்க வராது."

சுரூர் பேரீச்சம்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கல்ஃபான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். யாரோ அடுத்த பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வெகுநேரம் வரைக்கும் அந்தப் பழம் அவர் வாயிலேயே இருந்தது.